நான்கு பேஸ், இரண்டு பேர்

அன்று மைதானத்தில் நின்றவர்களைச் சொல்லுகிறேன்.

உள்ளூர் அணியில் ஒன்பது பேர். அவர்களின் வாங்கில் உட்கார்ந்து இன்னும் மூன்று பேர், அதில் ஒருவருக்குக் கையில் கட்டு. வந்த அணியில் ஒன்பது பேர், வாங்கில் ஒருவர். உள்ளூர் அணியின் கோச், கனடாக்காரர். மடக்கு மேசையில் ஸ்கோர் எழுதிய பெண். குடைக்குக் கீழே மனைவிமார் நான்கு பேர். வேலிக்கு அப்பால் நாயோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஒவ்வொரு ஞாயிறும் வருவார். ஆட்டத்தைப் பார்க்கிறாரா நாயைப் பார்க்கிறாரா என்று தெரியாது. அண்ணை. நான்.

வந்த அணியின் ஒன்பது பேரில் ஒருவர் சென்னைக்காரர். மூன்றாம் பேஸில் நிற்பவர். அவர் தமிழர் என்று அன்று மத்தியானம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணை என்னோடு பிறந்தவர் இல்லை. மன்னார் ஆள். என்னைவிட ஆறு வயது மூப்பு. லண்டனில், எட்மண்டன் பக்கம், எனக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் இருந்தார். இருவருக்கும் பஸ் டிப்போவில் வேலை. பஸ்ஸுக்கு உள்ளே கூட்டுவது, கண்ணாடி துடைப்பது. ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போவார். பூசை முடிய நேரே மைதானத்துக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேஸ்போல் அம்பயர்கள்.

எப்படி அந்த வேலைக்கு வந்தோம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முன்பு நான் அந்த மைதானம் இருக்கும் பூங்காவில் உடை மாற்றும் அறைகளைத் திறந்து பூட்டுவேன். ஒரு ஞாயிறு அம்பயர் வரவில்லை. ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் கம்பால் பந்தை அடித்துச் சுற்றி ஓடும் எல்லே விளையாட்டும் கிட்டத்தட்ட அதுதான் என்று நினைத்தேன். இல்லை என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அடுத்த கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இங்கிலிஷ் வாசிக்க வரும். நான் எட்டாம் வகுப்பு. விதிப் புத்தகத்தை அவர் பஸ்ஸில் வாசித்துத் தமிழில் சொன்னார். படங்களில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து நான் காலால் படித்தேன்.

பேஸ் நான்கு. பந்து அடிப்பவர் நிற்கும் இடம் ஒன்று, அதற்கு ஹோம் என்று பெயர். நாங்கள் வீடு என்போம். அதிலிருந்து சுற்றி ஓட மூன்று பேஸ். பெரிய ஆட்டங்களில் அம்பயர் நான்கு பேர், பேஸுக்கு ஒருவர். எங்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பேர். ஆகவே எந்த நேரமும் இரண்டு பேஸில் ஆள் இல்லை. அந்த வேலையே அதுதான். ஆளில்லாத பேஸுக்கு யார் ஓடுவது என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் பிரித்தது இப்படி. ஒருவர் வீட்டில், பந்து பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால், முகத்தில் மாஸ்க்கோடு. மற்றவர் வெளியே. பேஸில் ஓட்டக்காரர் யாரும் இல்லை என்றால் அவர் முதல் பேஸுக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே நிற்பார். முதல் பேஸில் ஒருவன் வந்துவிட்டால் உள்ளே போய், பந்து எறிபவருக்குப் பின்னால் நிற்பார். இரண்டாம் பேஸிலோ மூன்றாம் பேஸிலோ ஆள் நின்றால் கொஞ்சம் மூன்றாம் பேஸ் பக்கம் சரிவார். உயர எழும்பும் பந்தில் நடுவில் விழுவது அவருடையது, இரண்டு ஓரக் கோட்டுப் பக்கமும் வீட்டில் நிற்பவருடையது. முதல் பேஸில் இருந்தவன் மூன்றாம் பேஸுக்கு ஓடினால் வீட்டில் நிற்பவர் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மூன்றாம் பேஸுக்கு ஓட வேண்டும். ஓடும்போது கத்த வேண்டும். கத்தாவிட்டால் மற்றவருக்குத் தெரியாது.

எல்லோரும் இங்கிலிஷில் கத்துவார்கள். நாங்கள் தமிழில் கத்தினோம்.

"மூண்டுக்கு நான்!"

"வீட்டில நிக்கிறன்!"

"இது என்ர!"

ஆட்டக்காரர்களுக்கு முதலில் சிரிப்பு. பிறகு பழகிவிட்டார்கள். ஒரு அமெரிக்கன் 'மூண்டு' என்று சொல்லிப் பழகி, எங்களைக் கண்டால் அதையே வணக்கமாகச் சொல்லுவான்.

முதல் வருடம் ஒரு தரம் இருவருமே மற்றவர் போவார் என்று நின்றுவிட்டோம். மூன்றாம் பேஸில் ஓடி வந்தவனும் பந்து பிடித்தவனும் ஆளை ஆள் பார்த்தார்கள். அம்பயர் இல்லை. ஓடி வந்தவன் தூசியைத் தட்டிவிட்டு, நான் அவுட் என்று தானே சொல்லிப் போனான்.

அன்று பின்னேரம் பஸ்ஸின் மேல் தட்டில் அண்ணை கேட்டார், "எத்தினை விட்டனாங்கள்?"

"அது ஒண்டு. பிறகு அந்த ரெண்டாம் பேஸ். ரெண்டு."

"முதல் ஆட்டத்தில ஓரத்தில விழுந்த பந்து?"

"அது உள்ள அண்ணை."

"வெளிய ஐசே. சுண்ணாம்பு எழும்பேல்லை."

"சரி, மூண்டு."

அது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு இரண்டு ஆட்டம் நடக்கும். முதல் ஆட்டத்தில் ஒருவர் வீட்டில், இரண்டாவதில் மற்றவர். முடிந்து பஸ்ஸில் ஏறி, மேல் தட்டில் முன் இருக்கையில் இருந்து, அன்று கண்ணுக்குத் தப்பியதை எண்ணுவோம். நல்ல நாளில் ஒன்று. ஒரு கோடையில் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஒன்றுமே இல்லை. அந்த மூன்றாம் ஞாயிறு அண்ணை இரண்டு தேத்தண்ணி வாங்கித் தந்தார். 

அவர் மனைவி இறந்து அப்போது நான்கு வருடம். மகள் மெல்பேர்னில். அறையில் ஒரு கட்டில், ஒரு மாதா படம், கதவில் அம்பயர் சட்டை.

பிறகு அவர் வீட்டில் நிற்பதை விட்டார்.

"முழங்கால் ஏலாது ஐசே. குந்தி எழும்ப ஏலாது. நீர் ரெண்டுக்கும் நில்லும், நான் வெளிய பாக்கிறன்."

சரி என்றேன். முழங்கால் என்றுதான் நானும் எடுத்தேன். அந்த மாதமே டிப்போவில் ஒரு பஸ்ஸில் ஒரே கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துவிட்டுப் பக்கத்துக் கண்ணாடியை விட்டுப் போனார். நான் பின்னால் போய்த் துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன்.

மைதானத்தில் விரலில் தெரிந்தது. ஒவ்வொரு ஆள் அடிக்க வரும்போதும் எத்தனை அவுட் என்று நான் விரலைக் காட்டுவேன். அவர் திருப்பி அதையே காட்டுவார். இருவர் கணக்கும் ஒன்றா என்று பார்க்க. அவர் பதில் சுணங்கி வரத் தொடங்கியது. பிறகு நான் இரண்டு காட்ட அவர் ஒன்று காட்டினார். பிறகு தொப்பியைச் சரி செய்வதுபோல் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

நான் வாயால் சொல்லத் தொடங்கினேன்.

"ரெண்டு அவுட், அண்ணை!"

"ஓம், ஓம்."

அப்படித்தான் தொடங்கியது. அடுத்தது தூரத்துப் பந்து. "பிடிச்சிட்டான்!" என்பேன். அவர் கையை உயர்த்துவார். "விழுந்திட்டுது!" என்பேன். கையை விரிப்பார். அடுத்தது இரண்டாம் பேஸ். அவர் பத்து அடியில் நிற்பார், நான் நூற்று முப்பது அடி தள்ளி நிற்பேன். நான் பார்த்துக் கத்த, அவர் அவுட் காட்டுவார். முதல் பேஸ் மட்டும் அவரே பார்த்தார். அங்கே பேஸில் கால் படுவதைக் கண்ணாலும் பந்து கையுறையில் விழுவதைக் காதாலும் பிடிக்க வேண்டும். கால் ஏதோ மங்கலாகத் தெரிந்திருக்கும். காது நல்லாக இருந்தது.

ஸ்கோர் எழுதும் பெண் ஒரு நாள் என்னிடம் சொன்னாள், உன் கூட்டாளி அவசரப்படாத ஆள், ஒரு மூச்சு விட்டுத்தான் கையை உயர்த்துகிறார், நல்ல அம்பயர் அப்படித்தான் இருப்பார் என்று. நான் தலையாட்டினேன். அந்த ஒரு மூச்சு என் சத்தம் போய்ச் சேரும் நேரம்.

பஸ்ஸில் அவர் கேட்பதை விடவில்லை.

"எத்தினை விட்டனாங்கள்?"

"நீங்கள் சொல்லுங்கோ."

"இண்டைக்கு ஒண்டும் இல்லை எண்டு நினைக்கிறன்."

என் கணக்கில் ஆறு. "ஓம் அண்ணை," என்றேன்.

இரண்டு கோடை அப்படிப் போனது. கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அவர் பிறகு மைதானத்தில் நிற்க ஏலாது. கிழமையில் ஆறு நாள் அவருக்கு டிப்போவும் அறையும். ஏழாவது நாளுக்குத்தான் சட்டையை ஸ்திரி போட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு அந்த ஒரு நாளைப் பிடித்து வைத்திருந்தேன். அதில் பிழை இருப்பது எனக்குத் தெரியும்.

கடைசி ஞாயிறு வந்தது. இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி. அன்றைய இரண்டாவது ஆட்டத்தில் வெல்பவர்கள் மேல் பிரிவுக்குப் போவார்கள். முதல் ஆட்டம் எங்களுக்கு நல்லாகப் போனது. தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

ஆட்டத்துக்கு நடுவில் அண்ணை வாங்கில் உட்கார்ந்து பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார். நான் குழாயடியில் முகம் கழுவினேன். மூன்றாம் பேஸ்காரர் வந்து பக்கத்தில் நின்று போத்தலில் தண்ணீர் பிடித்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார்.

தமிழ். எனக்குக் கை அப்படியே நின்றது.

"நீங்க தமிழோ?"

"ஆமா சார். சென்னை. இந்த வருஷந்தான் இந்த டீம்ல சேந்தேன். முன்னாடியே வந்து பேசியிருக்கணும்." அவர் வாங்குப் பக்கம் பார்த்தார். "சாருக்குக் கண்ணு தெரியல, இல்லையா?"

நான் சட்டையால் முகத்தைத் துடைத்தேன்.

"நீங்க சொன்னது எதுவும் தப்பா இல்ல சார். நான் கவனிச்சுட்டுதான் வரேன். எங்களுக்குப் பாதகமாவும் சொல்லிருக்கீங்க, சாதகமாவும் சொல்லிருக்கீங்க. ஆனா ஷீட்ல அம்பயர் ரெண்டு பேர்னு இருக்கு. பாக்கறது ஒருத்தர்தான்."

"ஓம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இன்னிக்கி ஒரு மேட்ச். அவர் பாக்கறத அவரே சொல்லட்டும். நீங்க தமிழ்ல கத்தறது காதுல விழறப்ப சும்மா நிக்க முடியல சார்."

"விளங்குது," என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லை."

நல்ல மனிசன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. அந்த நேரம் நான் அண்ணையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணை, நான் இனிக் கத்த ஏலாது, உங்களுக்குச் சுகமில்லை என்று சொல்லி உக்காருங்கோ என்று. ஐம்பது அடி நடந்தால் அவர். நடந்தேன். அவர் பாண் துண்டை மடியிலிருந்து தட்டிவிட்டு எழும்பினார்.

"என்ன ஐசே, குரல் போயிட்டுதே? ஆனை மாதிரிக் கத்தினீர்."

"கொஞ்சம் கட்டிப்போச்சு."

"இன்னும் ஏழு இனிங்ஸ்தான். வாரும்."

அவர் முன்னால் நடந்தார். நேரே நடந்தார். அந்த மைதானம் அவருக்குக் கால் கணக்கில் தெரியும்.

இரண்டாவது ஆட்டத்தில் நான் கையால் மட்டும் காட்டினேன். அவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தே காட்டினேன். முதல் மூன்று இனிங்ஸில் பெரிதாக ஒன்றும் அவர் பக்கம் போகவில்லை. நான்காவதில் இரண்டாம் பேஸில் ஒருவன் விழுந்து சறுக்கினான். தூசி. அண்ணை ஒரு மூச்சு காத்திருந்தார். இரண்டாவது மூச்சும். தலையை என் பக்கம் கொஞ்சம் சரித்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அவுட் என்று காட்டினார். அவுட் இல்லை. கோச் தொப்பியை நிலத்தில் அடித்தார். ஆறாவதில் இன்னொன்று. அது வந்த அணிக்கு எதிரான பிழை. சென்னைக்காரர் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஏழாவது, கடைசி இனிங்ஸ். உள்ளூர் அணி ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு அவுட், இன்னும் ஒன்று விழுந்தால் தோல்வி. இரண்டாம் பேஸில் ஒருவன், மூன்றாம் பேஸில் ஒருவன். ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் வீட்டுக்கு வருவார்கள், ஆட்டம் முடியும். அண்ணை தன் இடத்தில், எறிபவருக்குப் பின்னால் மூன்றாம் பேஸ் பக்கம் சரிந்து, இரண்டு கையும் முழங்காலில் வைத்துக் குனிந்து நின்றார். புத்தகத்தில் உள்ள படம் மாதிரி. இடம் ஒரு அடி பிழை இல்லை.

அடித்தவன் பந்தை நேரே நடுவில் அடித்தான். பெரிய வேகம் இல்லை. எறிபவரைத் தாண்டி இரண்டு தரம் குத்தி எழும்பியது. யாரும் ஒரு எட்டு விலகி விட்டிருப்பார்கள். அந்த மாதிரிப் பந்துக்கு நான் கத்தும் சொல் ஒன்று இருந்தது. விலத்துங்கோ. இரண்டு வருடத்தில் நாற்பது தரம் கத்தியிருப்பேன்.

வாய் திறந்தது. மூன்றாம் பேஸில் சென்னைக்காரர் நின்றார். நான் கத்தவில்லை.

பந்து அண்ணையின் கணுக்காலுக்கு மேலே பட்டு நின்றது. அவர் ஒரு முழங்காலில் விழுந்தார். ஓட்டக்காரர் இருவரும் வீட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள். வாங்கில் எல்லோரும் துள்ளிக் கட்டிப் பிடித்தார்கள்.

விதி எனக்குத் தெரியும். அண்ணை பஸ்ஸில் வாசித்துச் சொன்னது. அடித்த பந்து களத்தவர் யாரையும் தாண்ட முன்னம் அம்பயரில் பட்டால், அந்த இடத்தில் பந்து செத்தது. எறிபவரைத் தாண்டியது கணக்கில் இல்லை. அடித்தவனுக்கு முதல் பேஸ். மற்றவர்கள் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஓட்டம் இல்லை.

நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். ஓடி வந்த இருவரையும் திரும்பிப் போகச் சொன்னேன்.

மைதானத்தில் சத்தம் இல்லாமல் போனது. அந்தச் சத்தமில்லாத இடத்தில் அண்ணை கேட்டார்.

"என்ன நடந்தது ஐசே? பந்து எங்க?"

பந்து அவர் காலடியில் கிடந்தது. வெள்ளைப் பந்து, பச்சைப் புல். அவர் கையால் புல்லைத் தடவினார். பந்துக்கு அந்தப் பக்கம் தடவினார். எல்லோரும் பார்த்தார்கள். சென்னைக்காரர் வந்து பந்தை எடுத்தார். அண்ணையைத் தோளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

இந்த ஆளுக்குக் கண் குருடா என்று கோச் கேட்டார். அம்பயரைப் பார்த்து ஒவ்வொரு ஞாயிறும் யாராவது கேட்கும் கேள்வி அது. யாராவது சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. 

அடுத்து வந்தவன் மூன்று பந்திலும் அடி தவறி மூன்றாவது அவுட் ஆனான். ஆட்டம் முடிந்தது. வந்த அணி மேலே போனது. சென்னைக்காரர் தன் ஆட்களோடு துள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போகும்போது "சார்" என்றார். 

பஸ்ஸில் மேல் தட்டு ஏறவில்லை. கால் வீங்கியிருந்தது. கீழே இருந்தோம். இரண்டு பஸ் தரிப்பு போனது.

"எத்தினை விட்டனாங்கள்?" என்றார்.

"மூண்டு."

"நீர் ஏன் இண்டைக்குக் கத்தேல்லை?"

அப்போதுதான் தெரிந்தது, நான் கத்தியது தன் கண்ணுக்காக என்று அவரும் தெரிந்துகொண்டுதான் நின்றார் என்று. சென்னைக்காரர் சொன்னதைச் சொன்னேன். 

"சரியாத்தானே சொல்லியிருக்கிறான்," என்றார்.

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம் ஐசே. நான் உக்காந்திருப்பன்."

"ஓம் அண்ணை."

"சீனி வருத்தம். ஒரு கண் போன வருசமே போயிட்டுது. மற்றது போய்க்கொண்டிருக்கு. ஊசி போட்டுப் பாத்தவை. இனி ஏலாதாம்."

பிறகு கேட்டார், "நான் இனி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறது?"

பூசை இருக்கு என்று சொல்லலாம். அது எட்டரைக்கு முடிந்துவிடும்.  எங்கள் தரிப்பு வந்தது. கையைப் பிடித்து இறக்கினேன். முதல் தரம் பிடித்தேன். அவர் தட்டிவிடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் டிப்போ வேலையும் நின்றது. அறையில் இருக்கிறார். சட்டை கதவில் இருக்கிறது. அதை எடுத்து மடித்து வைக்கட்டா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றார்.

இந்த வசந்தத்தில் ஆட்டங்கள் தொடங்கின. இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. தேடுகிறோம் என்கிறார்கள். தேடவில்லை. நான் தனியே நிற்கிறேன். தனி ஆளுக்குப் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் நின்று நான்கு பேஸும் பார்க்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லலாம். தெரியாததையும் சொல்லத்தான் வேண்டும். முதல் பேஸில் கையுறைச் சத்தம் என் இடத்துக்கு வந்து சேருமுன் கால் பட்டுவிடுகிறது. இரண்டாம் பேஸ் முதுகுகளுக்குப் பின்னால் நடக்கிறது. மூன்றாம் பேஸுக்கு நான் ஓடினால் வீட்டில் ஆள் இல்லை. ஓடும்போது இப்பவும் "மூண்டுக்கு நான்" என்று கத்துகிறேன். வாய் தானாகச் சொல்லுகிறது.

ஞாயிறு பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே அவர் அறைக்குப் போகிறேன். தேத்தண்ணி நான் போடுகிறேன். அவர் கட்டிலில் இருப்பார், முகம் யன்னல் பக்கம். போன ஞாயிறும் போனேன்.

"எத்தினை விட்டனீர்?"

குறைத்துச் சொல்லலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. முதல் ஆட்டத்தை எண்ணினேன். இரண்டாவதை எண்ணினேன். கூட்டினேன்.

"பதினேழு," என்றேன்.